பங்குனி உத்திரமும் கடைசிக் குஸ்தியும்

டிவியில் வரும் குஸ்தியைப் பற்றி யாராவது "அதெல்லாம் பொய்தானே" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். எங்களுக்குத் தெரியாதா? யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி முடிவு செய்துவிட்டுத்தான் ரிங்குக்குள் வருகிறார்கள். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து தொப்பென்று விழுகிறானே, அந்த முதுகு பொய்யில்லை. என் ஓட்டு எப்போதும் தோற்கிறவனுக்குத்தான். ஜெயிக்கிறவனுக்கு என்ன, கையைத் தூக்கிக் காட்டினால் போதும். அவனைப் பலசாலி என்று நம்மை நம்பவைப்பது அடிவாங்குகிறவனின் வேலை. இப்போது வருகிற பையன்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள், விழுந்தால் அடுத்த நொடியே துள்ளி எழுந்துவிடுவார்கள். நடுவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பின்னால் ஒருவன் நாற்காலியைத் தூக்கி இன்னொருவன் மண்டையில் போடுவான், இவர் மட்டும் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் காட்டூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாட்களிலிருந்து நானும் அவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வோம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். எங்களுக்கென்று ஒரு வீரர் இருந்தார். நான் கல்லூரி முடித்தேன், வேலைக்குப் போனேன், காதலித்தேன், சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்கு மருமகளாக வந்தேன். அதற்குள் அவர் தாடி நரைத்துவிட்டது, முழங்காலில் கட்டு ஏறிவிட்டது. ஆனாலும் விடாமல் அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

புகுந்த வீட்டில் எல்லாமே கோயில்தான். மாமனார் ஒருநாள் நான் குஸ்தி பார்ப்பதைக் கதவருகில் நின்று பார்த்தார்.

"முன்னாடியே பேசி வெச்சுண்டு அடிச்சுக்கறா. இதைப் போய் வாயைப் பிளந்துண்டு பார்க்கறியேம்மா!"

டிவி சத்தத்தைக் குறைத்தேன். புது மருமகள் அல்லவா.

உண்மையில் என்னைக் கேலி செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவும் மாமனாரும் பேசிக்கொள்ள ஒரு விஷயமும் இல்லாததுதான் உறுத்தியது. அப்பா இந்த வீட்டுக்கு வந்தால் சோபா நுனியில் உட்காருவார். மாமனார் "சௌக்கியமா?" என்பார். அப்பா "நல்லாருக்கேங்க" என்பார். அதோடு சரி. காபி ஆறுவதற்குள் செருப்பைத் தேடுவார். பெற்ற பெண்ணின் வீட்டில் அவர் ஒரு தடவையாவது சாய்ந்து உட்கார மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

அப்போதுதான் எங்கள் வீரர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தது. கடைசிச் சண்டை நம் ஊர் நேரத்துக்குக் காலையில் நேரலை. காட்டூருக்குப் போய் அப்பாவோடு பார்ப்பதென்று முடிவு செய்தேன். மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குப் பங்குனி உத்திரம்டீ. காலங்கார்த்தால மட்டையடி. நீ வராம எப்படி?" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் மட்டையடிக்குப் போகாமல் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. உறையூர் நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டு வரும் பெருமாளை இங்கே அவர் தேவியான தாயார் உள்ளே விடமாட்டார். கதவைச் சாத்திவிடுவார். பல்லக்கு முன்னே போகும், பூவாலும் வாழைமட்டையாலும் அடி விழும், பின்னே வரும். இரண்டு பக்கத்துக்காகவும் ஆட்கள் நின்று வாதாடுவார்கள். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைப்பார்.

அப்பாவுக்கு போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன்.

"விடும்மா. நீ இல்லாம நான் பார்ப்பேனா? சாயங்காலம் திரும்பப் போடுவான், சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் முடிவைச் சொல்லிடக்கூடாது, அதான் பயம். கடையைத் திறந்தா வர்றவனெல்லாம் சொல்லிடுவான்."

"அப்ப நீங்களும் கோயிலுக்கு வந்துடுங்கப்பா. அங்க ஒருத்தரும் குஸ்தி பேச மாட்டாங்க."

அப்பா கடைக்கு லீவு விட்டு, போனை அணைத்து, சலவை வேட்டியில் வந்து சேர்ந்தார். தாயார் சன்னதி வாசலில் நல்ல நெரிசல். மாமனார் முன்னால், நானும் அப்பாவும் பின்னால். முதல் தடவை கதவு சாத்தியபோது அப்பா பயபக்தியோடு கைகூப்பினார். பல்லக்கு திரும்பவும் முன்னே வந்தது. மட்டை பறந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், அப்பாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிட்டது. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில்! "அப்படிப் போடு தாயே! விடாத!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அப்பா விரலை வாயிலிருந்து எடுக்கவும் தெரியாமல் நின்றார். மாமனார் மெல்லத் திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சம்பந்தி, நீங்க தாயார் கட்சியா?"

"ஆ... ஆமாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பென்ன? நானும் அவ கட்சிதான்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கதவு திறந்துடும்னு நன்னாத் தெரியும். வருஷா வருஷம் திறக்கறதுதானே. ஆனா சாத்தறச்சே, இந்தத் தடவை திறக்காமயே போயிடுமோன்னு தோண்றது."

"எங்களுக்கும் அப்படித்தாங்க," என்றார் அப்பா. "எங்க ஆளு விழறப்போ."

மாமனார் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு திறந்தபோது மட்டும் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே டிவியைப் போட்டேன். மாமனார் தானாகவே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதிலே நம்ம ஆள் யாரு?" என்று கேட்டார். அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காலை மடித்துச் சோபாவில் போட்டு, நன்றாகச் சாய்ந்துகொண்டு, முழங்கால் கட்டின் சரித்திரத்திலிருந்து ஆரம்பித்தார். எதிராளி நாற்காலியைத் தூக்கியதும் மாமனார் நடுவரை வடமொழியில் ஏதோ திட்டினார். அர்த்தம் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "ரெண்டு பேருக்கும் பித்து" என்றார். நான் கத்தினேனா, சண்டையைப் பார்த்தேனா, அவர்கள் இருவரையும் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வீரர் தோற்றார். ஓய்வு பெறுகிறவர் சின்னவனிடம் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும், அது அங்கே மரபு. எதிர்பார்த்ததுதான். அவர் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ரிங்கின் நடுவே வைத்தார்.

"ஏன் கழட்டறார்?" என்றார் மாமனார்.

"இனிமே வரமாட்டாருங்க," என்றார் அப்பா.

வெறுங்காலோடு எங்கள் வீரர் உள்ளே நடக்க ஆரம்பித்ததும் மாமனார் எழுந்து நின்றார். காபி வேண்டுமோ என்று நானும் எழுந்தேன்.

"இரும்மா. அவர் உள்ளே எழுந்தருளற வரைக்கும் நாம உக்காரப்படாது."

பெருமாளுக்குச் சொல்கிற வார்த்தை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் தோளோடு தோளாக டிவியை மறைத்துக்கொண்டு நின்றதில், எங்கள் வீரர் கடைசியாக உள்ளே போனதை நான் பார்க்கவே இல்லை.