முப்பத்தொரு வரியும் மனப்பாடம்

நேற்று என் மகள் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கணினிக்குள்ளே இன்னொரு கணினியை உருவாக்கினாள். மெய்நிகர் கணினி என்பார்கள். பெட்டி இல்லாமல் மென்பொருளாலேயே செய்த கணினி. கட்டளைகள் எழுதிய கோப்பு ஒன்றை ஓடவிட்டுப் பாணுக்கு வெண்ணெய் பூசத் தொடங்கினாள். பூசி முடிக்கமுன் வேலை முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனப்பா முறைக்கிறீங்கள்?" என்றாள்.

கணினி சூடாகி எழுந்த தூசி மணம்தான் காரணம். பிள்ளைகளே, அது எனக்கு ஒரு வகுப்பறையின் மணம்.

ஹம்பேர்க்கில் நீங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்த காலம். உணவகத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்த என்னை வேலைவாய்ப்பு அலுவலகம் கணினிப் பயிற்சிக்கு அனுப்பியது. நாலாவது கிழமை ஒரு சோதனை. அதில் தவறினால் பயிற்சியும் போய்விடும், திரும்பவும் சட்டிதான். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்னொரு முறை யார் இடம் தருவார்கள்?

பக்கத்து மேசையில் மன்னார் யோசேப்பு அண்ணை. துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்தவர். அறையைச் சூடாக்கும் ஹைசுங்கின் மேல் மீன்குழம்புப் பெட்டியை வைத்துவிடுவார். பதினொரு மணிக்கே ஜெர்மன்காரர் ஜன்னலைத் திறப்பார்கள். பிறகு நாங்கள் இருவரும்தான் நடுங்குவோம்.

சோதனை இதுதான்: மவுசைத் தொடாமல், கட்டளைகளாலேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி இயக்கவேண்டும். பெயர், நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு என்று முப்பத்தொரு வரிகள். "வீட்டிலேயே ஒரு கோப்பில் எழுதிக் கொண்டுவாருங்கள், ஓடவிட்டால் போதும்" என்றார் ஆசிரியை. நான் நம்பவில்லை. சோதனைக்கு விடையைக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியரை நான் எங்கே கண்டேன்?

அண்ணை நம்பினார். "தம்பி, ரீச்சரே சொல்லுறா. கொண்டுபோவம்."

"அண்ணை, அது கொப்பி அடிக்கிற ஆக்களைப் பிடிக்கிற பொறி. பாடமாக்குங்கோ."

எனக்கு அவரைவிடக் கொஞ்சம் கூட ஜெர்மன் தெரியும் என்பதால் என் சொல் எடுபட்டது. இரண்டு கிழமை எஸ்-பான் ரயிலில் முணுமுணுத்தபடியே போய்வந்தோம். "என்ன தம்பி, செபமாலையோ சொல்லுறம்? பக்கத்தில இருந்த மனிசி எழும்பிப் போட்டுது" என்பார்.

பாடமாக்கியதில் பிழையில்லை. பிழையெல்லாம் விரலில். ஒரு சாய்கோட்டுக்கே இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தவேண்டிய ஜெர்மன் விசைப்பலகை அது. ஓர் எழுத்து மாறினால் 'கிடைக்கவில்லை' என்று வரும். திருத்தினால் 'ஏற்கனவே இருக்கிறது' என்று வரும். மனப்பாடம் செய்தவனுக்கு நடுவிலிருந்து தொடங்க வராது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் வரிக்கு ஓடுவேன். ஆத்திரத்தில் ஒருநாள் விசைப்பலகையைக் குத்தினேன். அதற்கும் ஒரு பிழைச்செய்தி வந்தது.

சோதனைக்கு ஒரு மணித்தியாலம். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்து வெளியே கோப்பி குடித்தார்கள். நான் ஐந்து தடவை தொடங்கி, இருபத்தேழாம் வரியில் நிற்க நேரம் முடிந்தது. அண்ணை பத்தொன்பதில். அவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியை என் திரையைப் பார்த்தார். "கோப்பு எங்கே?"

"தலையில்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை என்பதற்குத்தானே கோப்பு. பாடமே அதுதான். திங்கட்கிழமை இரண்டு பேரும் வாருங்கள்."

அன்று பின்னேரமே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "திங்கட்கிழமை இன்னொருக்கா வைக்கினமாம். வாங்கோ அண்ணை."

"ஏலாது தம்பி. நாளையிலயிருந்து வாறன் எண்டு களஞ்சியத்தில சொல்லிப்போட்டன். என்ரை மண்டைக்குள்ள இனி ஒண்டும் ஏறாது."

உங்கள் மண்டையில் பிழையில்லை, ரீச்சர் சொன்னதுதான் சரி, உங்களைக் கெடுத்தது நான் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. "யோசியுங்கோ அண்ணை" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை, நான் எழுதிக் கொண்டுபோன கோப்பு நாலு நிமிடத்தில் வேலையை முடித்தது. மிச்ச நேரம் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

அந்தப் பயிற்சி நிலையம் இப்போது உடற்பயிற்சிக்கூடம். அந்தக் கட்டளைகளில் பாதியை இன்றைய கணினி ஏற்காது. அண்ணை குடும்பம் டுசல்டோர்ஃப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. என் பிழையை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. கடைசியில் துணிந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தபோது, அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் ஜெர்மனில் சொன்னது.