பார்த்தாச்சு

எங்கள் கல்வி அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அபாயம் அக்கா. வட்டாரத்தின் முப்பத்திரண்டு அரசுப் பள்ளிகளிலும் எது இடியும், எது வழுக்கும், எது ஷாக் அடிக்கும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியேறும் வழியைத்தான் பார்ப்பார். "அக்கா, ஃபேன் உங்க தலைக்கு நேரா சுத்துது" என்று ஒருநாள் சீண்டினேன். நிஜமாகவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பள்ளிகளைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் பக்கமாக எழுதுவார். அதைச் சுருக்கிப் பட்டியலாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்புவது என் வேலை. எனக்கு எரிச்சலான வேலை. உட்காருவதற்குச் சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் படிகள் உள்ள ஒரு பள்ளி அரங்கத்தைப் பற்றி, "மடக்குப் படிவரிசை பார்த்தாச்சு. இடப்பக்கப் பூட்டு சரியாக மாட்டவில்லை. சரிசெய்யும்வரை யாரையும் உட்கார வைக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார். பட்டியலில் கட்டமோ சின்னது, எனக்கோ பசி. "பார்த்தாச்சு" என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். பள்ளிகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அபாயம் அக்காவே பார்த்துவிட்டார், இனி பயமில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அந்தப் பள்ளியிலிருந்து அலுவலக வாட்ஸப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. பேச்சுப் போட்டி. சுவரிலிருந்து இழுத்து விரித்த படிகளில் எட்டு வரிசைக் குழந்தைகள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு முறை போன் செய்தார். எல்லோரும் அரங்கத்தில் இருந்தார்கள் போல, யாரும் எடுக்கவில்லை.

"தம்பி, வண்டிய எடு."

வண்டியை எடுத்தேன். "பூட்டு மாட்டலன்னா என்னக்கா ஆகும்?"

"எல்லாரும் சேந்தாப்ல எந்திரிச்சா படி உள்ள ஓடும். நடுவுல காலு மாட்டும்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "மெதுவா போ. நாம எங்கயாவது மோதிட்டா அங்க போய்ச் சொல்ல ஆளில்ல."

என் தப்புதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நான் ஒரு கோழை.

நாங்கள் நுழைந்தபோது ஒரு சிறுமி பேசி முடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வரியில் எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். அக்கா நேராக மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார். கை ஆடியதால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் மட்டும் ஆடவில்லை.

"யாரும் எந்திரிக்காதீங்க கண்ணுங்களா. நான் சொல்ற வரிசை மட்டும், சத்தமே இல்லாம, பூனை மாதிரி இறங்கி வரணும். முதல்ல கீழ் வரிசை."

குழந்தைகள் சிரித்தபடி இறங்கின. நான் வரிசைகளை எண்ணினேன். ஐந்தாவது வரிசையில் ஒரு பயல் குதித்தான். படி கிறீச்சென்றது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலே மூன்று வரிசை இன்னும் உட்கார்ந்திருந்தது. அக்கா அவனைத் திட்டக்கூட இல்லை. "அடுத்தது" என்றார்.

கடைசிக் குழந்தை இறங்கியதும் தலைமையாசிரியர் வந்தார். "என்ன மேடம், நீங்களே பாத்தாச்சுன்னு எழுதிட்டு, இப்ப நீங்களே வந்து போட்டியக் கெடுக்கறீங்க?"

அக்கா படிகளின் பக்கம் போனார். முன்படியில் இரண்டு கையையும் வைத்து லேசாகத் தள்ளினார். எட்டு வரிசையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடிச் சுவரில் மோதின. தலைமையாசிரியர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். சாவியைப் போடாமலே சொன்னேன். "அக்கா, அந்தப் பட்டியல்ல..."

"தெரியும். படம் வந்தப்பவே உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது." சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "இப்ப நடுங்கிக்கோ. வண்டி நின்னுட்டுதான இருக்கு."

நடுங்கினேன். முடிகிறவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.