பாதியில் கலைந்த அணியின் கேப்டனைத் தேடி வெள்ளிமலைக்கு

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போகிறார்கள். நாங்கள் போன ஜனவரியில் ஒரு சண்டையை முடிக்கப் போனோம். சண்டை என்னுடையதல்ல, என் கணவர் ரியாஸுடையது.

ரியாஸ் கள்ளக்குறிச்சிக்காரர். அவர் படித்த தனியார் பொறியியல் கல்லூரியில், தாளாளரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய உற்சாகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றைத் தொடங்கினார்களாம். பெயர்தான் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி மோதித் தள்ளும். மொத்தம் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. நான்காவதற்கு முன் அணியே கலைந்தது. வெள்ளிமலைக்காரரான கேப்டன் கோவிந்தராஜ்தான் நிர்வாகத்திடம் போய் நிறுத்தச் சொன்னார் என்பது ரியாஸின் ஆறாத புகார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். "நேர்ல போய்க் கேட்டுடுங்க, நானும் வரேன்" என்று கிளப்பியது நான்தான். என் புத்தி.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். இறங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள். "வெள்ளிமலை பஸ் இப்ப வந்துடும்" என்று ரியாஸ் சொன்னதால் நாங்கள் சாப்பிடவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"வரும்மா. வந்துக்கினே இருக்குது."

ஒன்றேகால் மணி நேரம் வந்துகொண்டே இருந்தது. பிறகு மலைப்பாதை வளைவுகள் முழுக்க ரியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேப்டனிடம் கேட்க வேண்டியதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்தார்.

வெள்ளிமலைக் கடைவீதியில், தன் சரக்கு வேனில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் கோவிந்தராஜ்.

"ரியாசு! இன்னாடா இவ்ளோ தூரம்?"

ரியாஸ் நலம்கூட விசாரிக்கவில்லை. "டீம ஏன் கேப்டன் நிறுத்தச் சொன்ன?"

கோவிந்தராஜ் மூட்டையைக் கீழே வைத்தார். "உனுக்கு நெசமாவே நெனப்பு இல்லியா? ஹெல்மெட்டு பாதிப் பேருக்குத்தான் குடுத்தாங்க. அதுலயும் வெடிச்சத டேப்பு ஒட்டிப் போட்டுக்கினோம். கடைசி பிராக்டீசுல உன் மண்டையில ஒரு முட்டு. வுழுந்தவன் எழுந்துக்கல. செத்துட்டன்னே நெனச்சேன்டா. அன்னிக்கே போயி, 'வேணாம் சார், எவனாவது செத்துருவான்'னேன்."

"ஒருத்தனும் என்கிட்ட சொல்லலியே?"

"நான் சொன்னேன்டா. மறுநாளு வந்து மொதல்லேர்ந்து அதையே கேட்ட. திரும்பவும் சொன்னேன். அப்புறம் பேசறதையே வுட்டுட்ட."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களாண்ணா?"

"சோடா வாங்கிக் குடுத்தோம்மா."

சோடா! இருபது வயதில் நினைவு தப்பிக் கிடந்த மனிதனுக்கு! யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கல்லூரி மேலா, கேப்டன் மேலா, மயங்கி விழுந்ததைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத என் கணவர் மேலா?

ரியாஸ் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "பந்த வுட்டுட்டனா?" என்றார்.

"எங்க வுட்ட? மூச்சுபேச்சு இல்ல, பந்து மட்டும் கக்கத்துல. பிரிச்சு எடுக்க ரெண்டு பேரு ஆச்சு."

ரியாஸின் கண் கலங்கியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது வராது. எழுந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

மூட்டை ஏற்றியதில் திரும்பும் பஸ்ஸும் போயிற்று. வேனின் முன் சீட்டில் மூவரும் நெருக்கியடித்து இறங்கினோம். வழியெல்லாம் மூன்றாவது ஆட்டம்.

"எனுக்குப் பந்தப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம் கேப்டன்."

"கிழிச்ச. வழுக்கி வுழுந்தது யாரு?"

போகிறவர்களுக்கு: வெள்ளிமலையில் இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். பெரியார் அருவி வழியிலேயே இருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் ரியாஸை இழுத்துப் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். நிம்மதிதான். ஆனால் இத்தனை வருடம் என் பேச்சைக் கேட்காததற்கு அந்த அடி காரணமில்லை என்பதும் அதோடு உறுதியாகிவிட்டது.