மூலையில் தேங்கிய சத்தம்

இருபத்திரண்டு வருடம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துவிட்டு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்த வேலை. ஆறு மாதத்துக்கோ எட்டு மாதத்துக்கோ ஒருமுறை வீட்டுக்கு வருவேன். இருபது நாள் இருந்துவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுவேன். நான் திரும்பி வந்த சமயம் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல இரண்டு மாதம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது அப்போதுதான்.

என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. அத்தனை வருடமும் போனில்தான் குடும்பம் நடத்தியிருந்தோம். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள், ஆச்சு என்பேன். அங்கே மழையா என்று நான் கேட்பேன், இல்லை என்பாள். இப்போது சோறு போடுகிறவளே சாப்பிட்டீர்களா என்று எப்படிக் கேட்பாள்? மழை பெய்வதும் இரண்டு பேருக்கும் ஒரே வாசலில் தெரிகிறது.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் நல்ல ஸ்பீக்கர் வைத்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். சேலத்தில் ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயர், ஆளுயரத்தில் பாதி வரும் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கனத்த சத்தத்துக்கென்று தனியாக ஒரு ஊஃபர் பெட்டி எல்லாம் வாங்கி வந்தேன். மகளுடைய அறையில் வைத்தேன். பதினாலுக்குப் பதினாலு, சரிசதுரமான அறை. கான்கிரீட் சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. ஊஃபரை மூலையில் தள்ளிவிட்டு, எதிர்ச் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

முதல் பாட்டுக்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. எனக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. மனைவி வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஏனுங்க, கொட்டு நின்ன பொறகும் சத்தம் நிக்க மாட்டேங்குது. ஊட்டுக்குள்ள வண்டி ஓடற மாதிரியே இருக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பாட்டு கேட்டுப் பழக்கமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள், நான் பாட்டைப் போட்டால் எழுந்து போவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்தவள் போலச் சட்டென்று பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

சேலத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அறையின் அளவைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் குறிப்பிட்ட சில கனத்த ஸ்வரங்கள் மட்டும் சுவருக்குச் சுவர் மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பெருத்துவிடும் என்றார். மூலையிலும் சுவரோரத்திலும்தான் அது அதிகமாகத் தேங்குமாம். நானோ மூலையில் ஊஃபரையும் சுவரோரத்தில் என்னையும் வைத்திருந்தேன். உங்கள் மனைவிக்கு நல்ல காது என்றும் சொன்னார். என் பழைய வேலையைச் சொல்லி, எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். போர்வெல் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றே காலம் தள்ளியவருக்கு அந்த உறுமல் இல்லாவிட்டால்தான் வித்தியாசமாகத் தெரியும் என்றார்.

ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். ஊஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட வேண்டும். பிறகு தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் அறை முழுக்கக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் கொட்டின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை, நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். அவளிடம் எதற்காகவும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள்.

நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்து, அதன்மேல் ஊஃபரை வைத்தோம். ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அவள் முன்னால் தவழ, நான் பின்னால் தவழ்ந்தேன். மூலைக்குப் போனதும் முகத்தைச் சுளித்தாள். ஒரு சுவரின் நடுவில், கொட்டு பாதி காணாமல் போய்விட்டது என்றாள். நான் தலையை அங்கே கொண்டுபோய்க் கேட்டபோது எனக்கும் தெரிந்தது. ஒரே அறைக்குள் இரண்டடி தள்ளினால் ஒரு சத்தம் இருக்கிறது, இன்னும் இரண்டடி தள்ளினால் இல்லை. பீரோவைச் சுற்றித் திரும்பும்போது இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசியில் ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றாள். இங்கேதான் ஒழுங்காகக் கேட்கிறது என்றாள். அது அவளுடைய தையல் மிஷின் இருந்த இடம். மிஷினின் கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு சொன்னாள்.

அந்த இடம் வேண்டாம், வேறு பார்க்கலாம் என்றேன். மகள் பிறந்ததிலிருந்து அவள் அங்கே உட்கார்ந்துதான் ஊராருக்கு ஜாக்கெட் தைத்தாள். வெளிச்சத்துக்காக அங்கே போட்டிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

"வெளிச்சம் அந்தப் பக்கமும் வருமுங்க. இங்க உக்காந்தாத்தான் மெயின் ரோட்டுல இருந்து வண்டி திரும்பறது தெரியும். அதுக்குத்தான் போட்டது" என்றாள். பிறகு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "பிடிங்க. இனி ரோட்டப் பாத்து எனக்கென்ன ஆவப்போவுது?"

நான் மறு பக்கத்தைப் பிடித்தேன். எத்தனை முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கிறேன் என்பது மட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மிஷினை என் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊஃபரை ஜன்னலுக்குக் கீழே வைத்தோம்.

அடுத்த வாரம் மெத்தை தைப்பவரிடம் சொல்லி, மூலைக்கு ஒன்றாக நிறுத்த, ஆளுயரத்தில் தடிமனான பஞ்சுத் திண்டுகள் செய்து வாங்கி வந்தேன். உறைகளை அவளே தைத்தாள். தரைக்குக் கனமான ஜமக்காளம் விரித்தோம்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாட்டு இளைத்துப்போன மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாலு நாள் பொறுத்துப் பாருங்கள் என்றாள். நாலு நாள் அல்ல, மூன்று வாரம் ஆயிற்று. ஒரு காலையில் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் உள்ளங்கை அழுந்தி வழுக்குவது கேட்டது. அடியின் முடிவு கேட்டது. அதற்குப் பிறகு வெறும் அமைதி. அந்த அமைதியைத்தான் நான் அத்தனை வருடமாகக் கேட்டதில்லை.

அறை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. வீணையில் ஒரு குறிப்பிட்ட கனத்த ஸ்வரம் மட்டும் இப்போதும் கொஞ்சம் ஊதிப் பெருக்கிறது. அதைச் சரிசெய்ய வேறு திண்டு செய்யலாம் என்றார் கடைக்காரர். பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

தினமும் காலை வேலை முடிந்ததும் அவள் வந்து மிஷினில் உட்காருகிறாள். பிடித்த பாட்டு வந்தால் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். துணி ஊசிக்கடியிலேயே கிடக்கும். பாட்டு முடிந்ததும் அது என்ன ராகம் என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வேன். பரவாயில்லை, இன்னொரு தரம் போடுங்கள் என்பாள்.