ஐந்தின் மேல் ஒரு பொட்டு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் நான் நல்லவன் மாதிரித் தெரிந்துவிடுவேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, செஞ்சிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஓட்டிக் கழித்த காரை வாங்கினேன். திண்டிவனம் ரயிலடியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினேன். விழுப்புரம் கோர்ட்டுக்குப் போகும் கேஸ்காரர்கள், மல்லாட்டைக் கடலை வியாபாரிகள், ஓமந்தூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று சவாரிக்குப் பஞ்சமில்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். குழந்தை இல்லை. கார் வந்த அன்று அவள் அதற்கு ஆரத்தி எடுத்தாள், ஏதோ மருமகள் வந்த மாதிரி.

எடுத்து முடித்ததும் முன்பக்கத்து நம்பர் போர்டைப் பார்த்தாள். கறுப்புத் தகட்டில் வெள்ளையாக ஜில்லாவின் எழுத்துகள், அப்புறம் 215. விரல் விட்டு எண்ணினாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னாங்க இது, கூட்டினா எட்டு வருது? சனி நம்பரு. வேற நம்பரு கேட்டு வாங்கிக்கினு வாங்க."

"இது இன்னா கத்திரிக்காயா, சொத்தைன்னு மாத்திக்கினு வர? சர்க்கார் குடுத்தது. வண்டி இருக்கிற வரிக்கும் இதான்."

புது வண்டி வாங்குகிற பணக்காரர்கள் சிலர் ஆபீஸ் குமாஸ்தாவைப் பிடித்து, வரிசையில் ராசியான நம்பர் வரும்வரை காத்திருந்து பதிவு செய்துகொள்வார்கள். பழைய வண்டிக்கு அந்த வழியும் கிடையாது. இதையும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ஐந்தின் மேல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். ஐந்தைக் காணோம்.

"இப்ப கூட்டிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணும் மூணு. குரு நம்பரு."

"அடி இவளே! சர்க்காரையே ஏமாத்திட்டியே!" என்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நாட்களில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வெள்ளிதோறும் பொட்டு வைப்பாள், இரண்டு மூன்று நாளில் அது காய்ந்து உதிரும். நானும் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன்.

யுத்தம் தொடங்கிய பிறகு கெடுபிடி அதிகமாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை விழுப்புரம் ரயில்வே கேட்டில் இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னாய்யா, போர்டுல இருவத்தியொண்ணுன்னு இருக்குது, வண்டிப் புத்தகத்துல வேற போட்டிருக்குது?"

"சாமிப் பொட்டுங்க ஐயா. வீட்டுல வெச்சிட்டாங்க."

"சாமிய வண்டிக்குள்ள வெச்சிக்க. போர்டுல நம்பரைத் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. தூர நின்னு பார்த்தாலும் தெரியணும்."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். சம்மன் கொண்டுவந்த சேவகனைத் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கோர்ட்டில் நாள் முழுக்க நின்று அபராதம் கட்டினேன். இன்னொரு தடவை நம்பரை மறைத்தால் பெர்மிட் போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் அடக்கி வைத்த கோபமெல்லாம் அவள் தலையில் கொட்டியது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"அந்த நம்பர் இல்லடி சனி. நீதான் சனி."

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துச் சலித்தாள்.

அதற்கப்புறம் போர்டில் பொட்டு வரவில்லை. நான் வண்டியைக் கிளப்பும்போது வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கைவிரல் முட்டிகளில் எப்போதும் தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு, "அரைக்கிற கல்லுல பட்டுச்சிங்க" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. பின் ஸீட்டில் படுக்க வைத்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியில் ஒரு தடவை கண் விழித்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அப்போதாவது அன்றைக்குப் பேசியது தப்பு என்று சொல்லியிருக்கலாம். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அப்பவே சொன்னாளே, எட்டாம் நம்பரு ஆவாதுன்னு" என்றாள். அவளையும் கத்தி விரட்டினேன். அப்புறம் யாரும் வரவில்லை. ஒற்றை ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் தினமும் சோறு மீந்தது. கடைசிச் சவாரியை இறக்கிவிட்ட பிறகு வீட்டுக்குப் போகப் பிடிக்காது. வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். நான் சொன்ன அந்தச் சொல்லோடு அவள் செத்தாளா என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் இல்லை.

அடுத்த வருஷ வண்டிச் சோதனையில் முன் போர்டில் வெள்ளை உரிந்திருக்கிறது, புதிதாக எழுதினால்தான் பெர்மிட் என்று சொல்லிவிட்டார்கள். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே போர்டு எழுதுகிறவரிடம் போனேன். அவர் நாலு திருகாணிகளைக் கழற்றி, தகட்டைத் திருப்பினார்.

"இன்னாண்ணே இது?"

தகட்டின் முதுகில், சரியாக ஐந்துக்குப் பின்னால், சந்தனம். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வைத்து, ரேடியேட்டர் சூட்டில் காய்ந்து, அடை கனத்துக்கு இறுகியிருந்தது. நடுவில் கறுத்துப்போன குங்குமம். நான் கையால்கூட அதைத் தொட்டதில்லை. வேறு யார் வைப்பார்கள்?

எனக்கு அவளுடைய விரல் முட்டிகள் ஞாபகம் வந்தன. பாவி, அன்றைக்கு அந்தக் கையை ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்திருக்கக் கூடாதா? சனி என்று நான் சொன்ன பிறகும், வாரம் தவறாமல் என்னை விட்டுச் சனியை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"சுரண்டிட்டு எழுதிடட்டுங்களாண்ணே?"

"முன்பக்கம் மட்டும் எழுதுப்பா. பின்னாடி கை வெக்காத."

புது எழுத்தோடு வந்தபோது அதே இன்ஸ்பெக்டர் ரயில்வே கேட்டில் பார்த்துவிட்டு, "இப்பதான்யா போர்டு சட்டப்படி இருக்குது" என்றார். ஆமாங்க ஐயா என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நானே சந்தனம் அரைத்தேன். வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, போர்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டேன். விரல் முட்டிவரைதான் போயிற்று. அழுத்தினேன். தோல் உரிந்தது. அதற்கு மேல் என் கை நுழையவில்லை. சந்தனம் விரலிலேயே காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.