சேற்றுக்குள் கடல் வந்த கோடு

1. பார்ஜில் தேங்காய்

ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே என்னைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய எரிமலைக் குழி இருக்கிறது. சுற்றிவர நிலம், ஒடுங்கிய ஒரு வாய்க்கால் வழியாக மட்டும் கடல் உள்ளே வந்து போகும். பனியுகத்தில் அது நன்னீர் ஏரி. பனி உருகிக் கடல்மட்டம் ஏறியபோது உப்புநீர் விளிம்பைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. எப்போது பாய்ந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

பதில் அடிச்சேற்றில் இருக்கிறது. கீழே ஏரி விட்டுப்போன பழுப்பான கபிலச் சேறு, மேலே கடல் கொண்டுவந்த சாம்பல் நிறச் சேறு. இரண்டும் சந்திக்கும் கோட்டில், ஒரு காலத்தில் உயிரோடிருந்த ஏதாவது கிடைத்தால் போதும், கார்பன் டேட்டிங் செய்து காலத்தைச் சொல்லிவிடலாம்.

தலைவர் டாக்டர் வசந்தா, திருச்சிக்காரர். அவர் சிரித்தால் நாங்கள் சேறெடுக்கப் போகும் தட்டைப் படகான பார்ஜே ஆடும். பார்ஜ் ஓட்டியவர் முனுசாமி அண்ணன். ஃபிஜியில் பிறந்தவர், தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார். நான் யாழ்ப்பாணத்தான், லின்ஃபீல்டில் வாடகை வீடு. என் வேலை இந்த புராஜெக்டோடு கட்டப்பட்ட வேலை. கடல் வந்த காலம் தெரிந்தால் புராஜெக்ட் நீளும், நானும் நீள்வேன். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஆபீஸ் கிளீனிங்தான்.

சேற்றுக்குள் இறக்க வேண்டிய குழாய்கள் பார்ஜின் தட்டில் வாய் திறந்து கிடந்தன. முனுசாமி அண்ணன் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

"தேங்கா உடைக்காம பைப் உள்ள போகக்கூடாது. மேடம், நீங்க அடி!"

"நானா? குடுங்க, குடுங்க!"

மேடம் இரண்டு கையாலும் ஓங்கி இரும்புச் சட்டத்தில் ஒரு போடு போட்டார். அம்மாடி! சில்லுகள் நாலாபக்கமும் பறந்தன. ஒன்று என் கண்ணாடியில் பட்டது. மூவரும் சிரித்துச் சிரித்துத் தேங்காய் தின்றோம். பிறகு ஒரே துளையில் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிச் சேற்றை எடுத்தோம். குழாய்க்குள் வரும் அந்தச் சேற்று உருளையைத்தான் நாங்கள் கோர் என்போம்.

2. ஆடிய ஆட்டம்

ஆய்வுகூடத்தில் கோர்களை நெடுக்காகப் பிளந்தோம். இரண்டாம் குழாயின் தலைப்புக்குச் சற்றுக் கீழே அந்தக் கோடு! கீழே கபிலம், மேலே சாம்பல், யாரோ அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி. கோட்டை ஒட்டினாற்போல் நகமளவில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"மேடம், மரத்துண்டு மாதிரி ஒண்டு கிடக்குது!"

"எங்க, எங்க? ஐயோ, என் தங்கமே! கடல் வந்தப்போ விழுந்த மரம்ங்க இது! கிடைச்சிருச்சு!"

சேற்றுக் கையுறையோடு அவர் ஆட, ரப்பர் பூட்ஸோடு நானும் ஆடினேன். வெட்கமாவது ஒன்றாவது! முனுசாமி அண்ணனுக்கு போன் போட்டு அவரையும் கத்தவைத்தோம்.

கார்பன் டேட்டிங் செய்யும் கூடத்துக்கு ஒரேயொரு மாதிரியைத்தான் அனுப்ப எங்களுக்கு அனுமதி. "கழுவி பேக் பண்ணுங்க, இன்னைக்கே போகட்டும்" என்றார் மேடம். நான் தண்ணீரில் போட்டு மெல்லத் தூரிகையால் தேய்த்தேன். சேறு கரைந்தது. ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மேடமும் குனிந்து பார்த்தார்.

"சிரட்டை!" என்றேன் நான்.

"கொட்டாங்குச்சி!" என்றார் அவர்.

இரண்டும் ஒரே நேரத்தில். பார்ஜில் பறந்த சில்லுகளில் ஒன்று வாய் திறந்து கிடந்த குழாய்க்குள் குடிபுகுந்திருக்கிறது; உள்ளே ஏறிய சேறு அதை மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது!

"பனியுகத்து ஆக்லாந்துல தென்னந்தோப்பு!" மேடம் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் திக்கென்றது. அனுப்பியிருந்தால், கடல் நேற்றுத்தான் உள்ளே வந்தது என்று பதில் வந்திருக்கும்.

"வேற ஒண்டும் இல்லாட்டி என்ன செய்யிறது மேடம்?" என்று கேட்டேன்.

"அட, நாம போட்டதை எடுத்தாச்சு. இனி கடல் போட்டதைத் தேடுவோம், வாங்க."

3. சோடிச் சிப்பி

கோட்டுக்கு மேலிருந்த சேற்றைக் கரண்டி கரண்டியாகத் துழாவினோம். உடைந்த சிப்பிகள் ஏராளம். ஆனால் அவை எங்கிருந்தோ உருண்டு வந்தவையாக இருக்கலாம், நம்ப முடியாது. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தேடினோம். கடைசியில், கோட்டின் மேலேயே, என் கரண்டியில் ஒரு சின்ன மட்டி இடறியது. இரண்டு ஓடும் பிரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

செத்து உருண்டு வந்திருந்தால் ஓடுகள் பிரிந்திருக்கும். பிரியாமல் இருப்பதால் அது அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது.

"பாத்தீங்களா, தண்ணி வந்த உடனே வந்து குடியேறிடுச்சு" என்றார் மேடம். "விசாகூடக் கேக்கல!"

மறுபடி ஆடினோம். ஆனால் இந்த முறை கழுவிப் பார்த்துவிட்டுத்தான். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பதும் அவ்வளவுதான்: ஆடுங்கள், தாராளமாக ஆடுங்கள்; கையில் இருப்பதைக் கழுவிவிட்டு ஆடுங்கள்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. பனியுகம் முடிந்து கடல் ஏறிவந்த காலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. புராஜெக்டை நீட்டிவிட்டார்கள். நான் வீட்டுக்கு போன் எடுத்தேன்.

"இஞ்சேர், கடல் வந்திட்டுது!"

"கடல் கிடக்கட்டுமப்பா, வேலை?" என்றாள் மனைவி.

"அதுவும் வந்திட்டுது!"

அவள் போட்ட கூச்சல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து மேடம் ஓடிவந்தார்.