ஐ கேன் இமேஜின், மேடம்

1. அட்டை

நான்காம் எண் அறையின் குளியலறைக் கதவு மாட்டிக்கொண்டபோது நான் ரிசப்ஷனுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே மாட்டியவர் ஹெலன் என்கிற இங்கிலாந்து அம்மா. தவறு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குத் தேனிப் பக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகு வியாபாரியின் வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் பதினோரு வருஷம் பெட்ஷீட் உதறி எனக்குத் தோள்பட்டை போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் ரிசப்ஷன் வாங்கினேன். மேனேஜர் ஜோஸ் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் நின்னு காட்டு செல்வி. ஒரு கம்ப்ளெயின்ட் எழுதி வந்தா, பின்னே திரும்ப பெட்ஷீட் தன்னே."

அந்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு டிரெய்னர் வந்தார். இங்கிலீஷ்காரர்கள் எப்படி ஆறுதல் சொல்வார்கள் என்று வகுப்பு எடுத்தார். நம் ஆட்களிடம் ஒருவர் கஷ்டத்தைச் சொன்னால் "அய்யய்யோ" என்போம். பிறகு நம் மச்சானுக்கு அதைவிடப் பெரிதாக நடந்ததை ஆரம்பித்துவிடுவோம். அவர்கள் அப்படியில்லையாம். உங்கள் நிலைமையை என்னால் கற்பனை செய்ய முடிகிறது என்பார்களாம். கஷ்டம் கொஞ்சம் பெரிது என்றால், கற்பனை மட்டும்தான் செய்ய முடிகிறது என்பார்களாம். இன்னும் பெரிது என்றால், கற்பனையே செய்ய முடியவில்லை என்பார்களாம். முடிந்தாலும் ஆறுதல், முடியாவிட்டாலும் ஆறுதல்.

"அப்ப எதை வேணாலும் சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அடுத்தவர் ஷூவில் நின்று பார்ப்பது என்றும் அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பயிற்சி என்று எங்களைச் செருப்பு மாற்றிப் போடச் சொன்னார். சமையல்கார ஷாஜி சேட்டன் என் செருப்பில் காலைத் திணித்து வாரை அறுத்தார். என் கஷ்டம் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, நான் அன்றைக்கு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன்.

போகும்போது டிரெய்னர் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். 'ஐ கேன் இமேஜின் ஹௌ யூ ஃபீல்.' என்ன பிரச்சினை வந்தாலும் முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு. ஜோஸ் சார் அதை அட்டையில் அடித்து, லேமினேட் செய்து, எல்லோர் கழுத்திலும் மாட்டினார். தோட்டக்காரர் கழுத்திலும்.

2. கதவு

மழைக்காலத்தில் எங்கள் ஓட்டலின் தேக்குக் கதவுகள் ஊதிக்கொள்ளும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக் கூடாது, சும்மா சாத்தினால் போதும். செக்-இன் செய்யும்போது இதைக் கெஸ்டிடம் சொல்ல வேண்டியது ரிசப்ஷன் வேலை.

ஹெலன் அம்மா அடைமழையில் வந்து இறங்கினார். ஃபிளைட் தாமதம் என்றார். அட்டை வாக்கியத்தைச் சொன்னேன். டாக்ஸிக்காரர் கொச்சங்காடி சந்துகளில் முக்கால் மணி நேரம் சுற்றினார் என்றார். மறுபடி சொன்னேன். குடை காற்றில் போய்விட்டது என்றார். அதற்கும் சொன்னேன். சொன்ன விதத்தை ஜோஸ் சார் தூரத்திலிருந்து தலையாட்டி மெச்சினார். அந்தப் பூரிப்பில் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன்.

அரை மணி நேரத்தில் கூப்பாடு கேட்டது. ஓடினேன். குளியலறைக்குள்ளிருந்து கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"மேடம், ஐ கேன் இமேஜின் ஹௌ யூ ஃபீல்."

"நன்றி கண்ணே. கதவைத் திற" என்றார் இங்கிலீஷில்.

தள்ளினேன். அசையவில்லை. ஹம்சா இக்காவுக்கு போன் போட்டோம். அவர்தான் எங்கள் தச்சர். வெள்ளிக்கிழமை மதியம், பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார். அதற்குள் ஜோஸ் சார் வந்து வாக்கியத்தைச் சொன்னார். ஷாஜி சேட்டன் கரண்டியோடு வந்து சொன்னார். ரூல் என்றால் ரூல் என்று ஜோஸ் சார் ஒவ்வொருவராகக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். ஏழாவதாகத் தோட்டக்காரர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அலறல் வந்தது.

"கற்பனை செய்வதை நிறுத்துங்கள்! யாராவது எதையாவது செய்யுங்கள்!"

பிறகு சத்தம் நின்றது. காதை வைத்துக் கேட்டேன். அந்த அம்மா விசும்பி அழுதுகொண்டிருந்தார். என் மறதிக்கு ஒரு வயசான பொம்பளை ஈரத் துண்டோடு உட்கார்ந்து அழ வேண்டுமா?

பின்பக்கம் ஏணியைச் சாத்தி, ஜன்னல் வழியாக இறங்கினேன். முழங்கால் ஆபரேஷன் ஆன அவரால் அந்த வழியில் ஏறி வர முடியாது. என்னால் இறங்க முடிந்தது, நேராகத் தண்ணீர் வாளிக்குள். ஒரு காலை வாளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். அதன் குமிழ் கையோடு வந்துவிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜோஸ் சார் தொண்டையைக் கனைத்தார். "செல்வி, ஐ கேன் இமேஜின் ஹௌ..."

"யோவ், வாய மூடுய்யா! ஆசாரியக் கூப்பிடுய்யா மொதல்ல!"

பதினோரு வருஷத்தில் அவரிடம் நான் 'சார்' இல்லாமல் பேசியது அது ஒரு தடவைதான். ஹெலன் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

3. உள்ளே

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் உண்மையைச் சொன்னேன். கதவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது.

"உனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"திரும்பப் பெட்ஷீட்."

அவர் எதையும் கற்பனை செய்யவில்லை. "அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். ஈரமான டபுள் ஷீட் என்ன கனம் கனக்கும், வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல் எத்தனை நாள் இருந்தேன், எல்லாம் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட அவர் தன் மச்சானைப் பற்றிச் சொல்லவில்லை.

ஹம்சா இக்கா வந்து சேர்ந்தார். "உள்ள யாருக்காச்சும் அடி பட்டிச்சா? இல்லையா? ரெண்டு பேரும் கதவ விட்டு மாறி நில்லுங்க" என்றார். இடுக்கில் உளியை விட்டு இரண்டு தட்டு. கதவு திறந்தது. அவர் கழுத்தில் அட்டை இல்லை.

சாயா குடித்து முடித்ததும் ஹெலன் அம்மா கம்ப்ளெயின்ட் ஃபாரம் கேட்டார். பேனாவோடு எடுத்துக் கொடுத்தேன். எழுதி மடித்து ஜோஸ் சாரிடமே நீட்டினார். சார் சத்தமாகப் படித்தார்:

"ஏழு பேர் என் நிலைமையை வெளியே நின்று கற்பனை செய்தார்கள். ஒருத்தி உள்ளே வந்தாள். அவளை ரிசப்ஷனிலிருந்து எடுத்தால் நான் மறுபடி புகார் எழுதுவேன்."

சார் ஃபாரத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இது கம்ப்ளெயின்டா, அல்லே பாராட்டா?" என்று ஷாஜி சேட்டனிடம் கேட்டார். ஷாஜி சேட்டனுக்கும் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று என்னை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு ரிசப்ஷனுக்கு நான்தான் சீனியர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கெஸ்ட் கஷ்டத்தைச் சொன்னால் என்ன ஆச்சு என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஏணி பின்பக்கம் இருக்கிறது. இறங்கும்போது வாளியைப் பார்த்து இறங்கு.